ஒன்பது பேரின் ரத்தம்

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து நான் உட்கார்ந்தபோது உன் போன் வந்தது. ஓசூருக்குப் போய் ஐந்து மாதத்தில் முதல் தடவையாக ஒரு ரிப்போர்ட்டில் உன் பெயர் வரப்போகிறது என்று சொன்னாய். "வண்டியோட பிரேக் கேபிள் எவ்வளவு இழுத்தா அறுந்துபோகுதுன்னு பாக்குறதுத்தா. எட்டு சாம்பிள் பாத்தோம். சராசரி கம்பெனி சொல்றத விடக் கொஞ்சம் கம்மியாத்தான் வருது. ஆனா புள்ளியியல் டேபிள்ல போட்டிருக்கிற எல்லையத் தாண்டல. குறை இல்லன்னு எழுதி வியாழக்கிழமை கையெழுத்துப் போடணும்" என்றாய். நான் "நல்லது" என்று மட்டும் சொல்லிப் போனை உன் அம்மாவிடம் கொடுத்தேன். பேசி முடித்துவிட்டு வந்தவள், "மகன் எவ்வளவு சந்தோஷமாச் சொல்றான், நீங்க ஏன் இப்படி வெளிறிப்போய் உக்காந்திருக்கீக?" என்று கேட்டாள். பித்தம் என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையில், நீ சொன்ன அந்த வாக்கியத்தை இதற்கு முன்னால் ஒரு தடவை நானே எழுதியிருக்கிறேன். அதை எழுதிக் கொடுத்த மூன்றாவது வாரத்தில் ஒரு ஆள் செத்துப்போனார்.

இதை உன்னிடம் போனில் சொல்ல முடியாது. இடையில் நீ ஏதாவது கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். எழுதினால் நிறுத்த முடியாது. இந்தப் பக்கங்களைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படி. உன் அம்மாவுக்கு இதில் பாதிதான் தெரியும். உன் சிக்கந்தர் மாமுவுக்கும் பாதிதான் தெரியும். இருவருக்கும் தெரியாத மிச்சத்தைத்தான் இத்தனை வருடம் நான் வைத்திருந்தேன்.

உனக்கு அப்போது ஒன்பது வயது. கம்பத்துக்குத் தெற்கே சுருளிப்பட்டி ரோட்டில் உன் மாமுவுக்குத் திராட்சைத் தோட்டம் இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பந்தலுக்கு அடியில் நீ ஓடித் திரிந்திருக்கிறாய். அந்த வருடம் கொடியில் நோய் அதிகம். கடைக்காரர் கொடுத்த ஒரு புது மருந்தை உன் மாமு அடிக்க ஆரம்பித்தார். மருந்தடிக்க ஒரு செட் ஆட்கள் இருந்தார்கள், பதினான்கு பேர். அவர்களுக்கு ஒரு மேஸ்திரி. மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். மருந்து டேங்க்கை முதலில் முதுகில் ஏற்றுபவரும் கடைசியில் இறக்குபவரும் அவர்தான். அவர் மனைவி பாண்டியம்மாவும் அதே தோட்டத்தில் குலை திருத்தும் வேலை பார்த்தாள். மருந்தடிக்கத் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும், ஆட்களுக்குக் கண்ணில் தண்ணீர் வடிகிறது, கை நடுங்குகிறது, வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது என்று பேச்சு வந்தது. உன் மாமுவைக் குறை சொல்லாதே. அவரேதான் கம்பத்தில் இருந்த ஒரு டாக்டரம்மாவைத் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார். இந்த மாதிரி மருந்து உடம்பில் ஏறினால் ரத்தத்தில் ஒரு நொதி குறையும், அதைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். அன்று வேலைக்கு வந்திருந்த ஒன்பது பேரிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

முடிவு வந்தபோது டாக்டரம்மாவுக்கே குழப்பம். ஒவ்வொருவருடைய அளவும் ஆரோக்கியமான ஆளுக்கு இருக்கக்கூடிய எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் ஏறக்குறைய எல்லாமே எல்லையின் அடிப்பக்கத்தில் கிடந்தன. "தனித்தனியாப் பாத்தா ஒண்ணும் சொல்ல முடியல. மொத்தமாப் பாத்தா உறுத்துது. புள்ளியியல் தெரிஞ்சவங்க யாராவது பாத்தா நல்லது" என்றார். உன் மாமு அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நேராக நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு வந்தார். ஆசிரியர் அறை மேசையில் அதை விரித்து வைத்துச் சொன்னது இன்றும் அப்படியே காதில் இருக்கிறது: "மச்சான், அறுப்புக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு. இப்ப மருந்த நிறுத்துனா குலை பூரா போயிரும். அது போகட்டும். நீங்க நிறுத்துன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னைக்கே நிறுத்திருறேன்."

அந்த மனிதர் முழுசாக என்னை நம்பினார். அதை மறக்காமல் மேலே படி.

உனக்குத் தெரிந்த பாடம்தான், இருந்தாலும் நான் அன்று செய்ததை வரிசையாகச் சொல்ல வேண்டும். மருந்து தொடாத சாதாரண ஆட்களுக்கு அந்த நொதி சராசரியாக எவ்வளவு இருக்கும் என்று லேப் கொடுத்திருந்தது. மருந்தடிக்கிறவர்களின் சராசரியும் அதேதான், ஒரு மாற்றமும் இல்லை என்று முதலில் வைத்துக்கொண்டேன். அதுதான் கருதுகோள். அது உண்மையாக இருந்தால், தற்செயலாக எடுத்த ஒன்பது பேரின் சராசரி இவ்வளவு கீழே வருவது எத்தனை அபூர்வம் என்று அடுத்த கேள்வி. ரொம்ப அபூர்வம் என்றால் கருதுகோளைத் தள்ளிவிட வேண்டும். அவ்வளவு அபூர்வம் இல்லையென்றால் தள்ள முடியாது. தள்ள முடியவில்லை என்பதற்கும் அது உண்மை என்பதற்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. வருடா வருடம் கரும்பலகையில் அந்தப் பள்ளத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியவன் நான்.

மின்விசிறிக்கு அடியில் தாள் பறக்காமல் டம்ளரை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். விடை மைனஸ் இரண்டு புள்ளி ஒன்று வந்தது. மைனஸ் என்றால் சாதாரண அளவுக்குக் கீழே. கேள்வி என்ன? நொதி குறைந்திருக்கிறதா என்பது. கூடியிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. குறைவை மட்டும் பார்க்கும் ஒருமுனைச் சோதனைதான் செய்ய வேண்டும், அதற்கு எல்லை ஒன்று புள்ளி எட்டு ஆறு. என் விடை அந்த எல்லையைத் தாண்டியிருந்தது. கருதுகோளைத் தள்ள வேண்டும். மருந்து உடம்பில் ஏறுகிறது என்று சொல்ல வேண்டும். அந்த நிமிடம் எனக்கு அது தெரியும், மகனே. தெரியாமல் செய்தேன் என்று இத்தனை நாள் எல்லோரையும் நம்ப வைத்திருக்கிறேன்.

ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தைய வருடம் ஒன்று நடந்தது. நம் தெருப் பால் சொசைட்டியில் கொழுப்புப் பார்க்கும் மெஷின் குறைத்துக் காட்டுகிறது என்று நான் பத்துப் பன்னிரண்டு அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சத்தம் போட்டேன். ஆட்கள் வந்து மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். அதில் ஒரு கோளாறும் இல்லை. அதன் பிறகு டீக்கடையில் எனக்கு 'சராசரி சார்' என்று பெயர். கல்லூரியில் மாணவர்கள்கூட முதுகுக்குப் பின்னால் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொன்ன வெட்கம் எனக்குள் ஆறாமல் கிடந்தது. மறுபடியும் ஒரு தடவை அப்படி ஆகிவிட்டால்? உன் மாமு வாழ்க்கையில் போட்டதெல்லாம் அந்தப் பந்தலில் இருக்கிறது, என் வார்த்தையில் அதை அழித்துவிட்டு, பிறகு மருந்தில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தால்? கூடியதா குறைந்ததா என்று இரண்டு பக்கமும் பார்க்கும் இருமுனைச் சோதனை செய்தால் எல்லை இன்னும் தள்ளிப்போகும், இரண்டு புள்ளி மூன்று. என் விடை அதைத் தொடாது. இருமுனைதான் நிதானமான ஆள் செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதலில் போட்ட தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் இருமுனைச் சோதனையைப் போட்டு, அடியில் 'சராசரியில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை' என்று எழுதினேன்.

உன் மாமு அதைப் படித்துவிட்டு, "அப்ப ஒண்ணும் இல்லன்னு அர்த்தமா மச்சான்?" என்று கேட்டார். இல்லை என்று அர்த்தமில்லை, இருக்கிறதென்று சொல்ல இந்த ஒன்பது பேர் போதவில்லை என்றுதான் அர்த்தம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "புள்ளியியல்படி இல்ல மாப்ள" என்றேன். அவர் முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து நான் தோட்டத்துக்குப் போயிருந்தேன். ஆட்களுக்கு விஷயத்தைச் சொல்ல மாமு கூப்பிட்டிருந்தார். காலேஜ் வாத்தியாரே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார், பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். மேஸ்திரி டேங்க்கின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் விரல்கள் வாரின் கொக்கியைத் திரும்பத் திரும்பத் தவறவிட்டதை நான் பார்த்தேன். பாண்டியம்மாதான் முன்னால் வந்தாள்.

"சார், ஒரு வார்த்த கேக்கலாமா? எத்தன பேரு ரத்தத்தப் பாத்தீக?"

"ஒன்பது பேரும்மா."

"செட்டு ஆளுக பதினாலு பேருல்ல? அஞ்சு பேரு வீட்டுல படுத்துக் கெடக்காக. எந்திரிக்க முடியாமத்தான் வரல. எந்திரிச்சு வந்தவுக ரத்தத்தப் பாத்துட்டு எல்லாரும் நல்லாருக்காகன்னு சொன்னா எப்பிடி? வராதவுக ரத்தத்த யாரும் எடுக்கலையே?"

போடியில் ஏலக்காய் வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பாய். மூட்டையின் வாயில் கிடப்பதை மட்டும் அள்ளிப் பார்த்து எவரும் முடிவு செய்வதில்லை. கையை அடிவரைக்கும் விட்டுத்தான் ஒரு பிடி எடுப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாண்டியம்மா அன்று எனக்குச் சொன்னது அதைத்தான். நான் மூட்டை வாயில் கிடந்ததை அள்ளியிருந்தேன். அவள் சொன்னது சரி என்று எனக்கு அங்கேயே விளங்கியது. விளங்கியும், "அவுகளுக்கு வேற காய்ச்சலா இருக்கும்மா" என்று சொன்னேன். அவள் ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பந்தலுக்குள் போய்விட்டாள்.

அடுத்து வந்த நாட்களில் பாடம் நடத்தும்போது வாசலில் யாராவது வந்து நின்றால் எழுதும் வரியைப் பாதியில் விட்டுவிடுவேன். தோட்டத்துப் பக்கம் போவதை நிறுத்தினேன். கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஆட்களை யாரையாவது பார்த்தால் ரோட்டின் மறுபக்கம் போய்விடுவேன். உன்னையும் தோட்டத்துக்கு அனுப்பாதே என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானே, பிறகு எதுக்குப் பிள்ளைய அனுப்ப வேணாங்கிறீக?" என்று அவள் கேட்டாள். என் பிள்ளையை அனுப்பத் தயங்கிய இடத்துக்கு மற்றவர்களைப் போகவிட்டேன். இதைவிடக் கேவலமாக என்னைப் பற்றி நான் எழுத எதுவும் இல்லை.

அறுப்புக்கு இரண்டு நாள் முன்பு, வெயில் ஏறிய நேரத்தில், மேஸ்திரி பந்தலுக்கு அடியில் விழுந்தார். முதுகில் டேங்க் அப்படியே இருந்தது. வாயிலும் மூக்கிலும் நுரை. பக்கத்து வரிசையில் குலை திருத்திக்கொண்டிருந்த பாண்டியம்மாதான் வாரை அறுத்து டேங்க்கைக் கழற்றியிருக்கிறாள். உன் மாமு ஜீப்பில் போட்டுத் தேனிக்கு விரட்டினார். சின்னமனூர் தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. உன் மாமு அங்கேயிருந்து எனக்குத்தான் முதலில் போன் செய்தார். அழவில்லை, கத்தவில்லை. "நீங்க இல்லன்னு சொன்னீகளே மச்சான்" என்றார்.

மறுநாள் மண்ணில் வைத்துவிட்டு வந்ததும், லேப் ஆளைக் கூட்டிக்கொண்டு படுத்துக் கிடந்த ஐந்து பேர் வீட்டுக்கும் நான் போனேன். அவர்கள் ரத்தத்தில் அந்த நொதி எவ்வளவு இருந்தது என்று பார்த்த பிறகு புள்ளியியல் டேபிளைத் திறக்க வேண்டிய தேவையே இல்லை. மாமு மருந்தை நிறுத்தினார். குலைகளைப் பறிக்காமல் கொடியிலேயே விட்டார். அந்த ஐந்து பேரும் மெல்லத் தேறினார்கள். ஒருவருக்கு மட்டும் விரல்கள் மரத்தது மரத்ததுதான். அடுத்த வருடமே மாமு கொடிகளை வேரோடு பிடுங்கிவிட்டுத் தோட்டத்தை விற்றார். ஏன் விற்றார் என்று நீ பலமுறை கேட்டாய். தண்ணீர் இல்லை என்று சொன்னோம்.

பிறகு ஒரு நாள் லேப் கொடுத்த பழைய தாளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். ஒன்பது பேரில் எல்லோரையும்விடக் கீழே இருந்த எண் மேஸ்திரியுடையது. மற்ற எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் நெருங்கி இருந்தார்கள், இவர் மட்டும் தனியாகக் கீழே. அப்படி ஒரு எண் இருந்தால் சராசரியும் இறங்கும், கூடவே எண்களுக்கு நடுவே உள்ள சிதறலும் விரியும். சிதறல் விரிந்தால் விடை சுருங்கி எல்லைக்கு உள்ளேயே நின்றுவிடும். அவரை நீக்கிவிட்டு மீதி எட்டுப் பேருக்குப் போட்டுப் பார்த்தேன். இருமுனை எல்லையையே தாண்டியது. உனக்குப் புரிகிறதா? அவர் உடம்பு மற்றவர்களைவிட மோசமாக இருந்ததால்தான் 'மாற்றம் இல்லை' என்று என்னால் எழுத முடிந்தது. அவர் சாவுக்கு அவர் ரத்தத்தையே சாட்சியாக வைத்து நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இருப்பதை இல்லை என்று விட்டுவிடுவதை இரண்டாம் வகைப் பிழை என்று வகுப்பில் ஒரு வரியில் எழுதிப் போடுவோமே, அது இப்படித்தான் இருக்கும்.

இப்போது உன் விஷயம். ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதில் ஒன்று என்னை விடாமல் அரிக்கிறது. உன் அம்மா பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் போனை வாங்கி, எட்டு கேபிளை யார் எடுத்தது என்று கேட்டேன். "லைன்ல உள்ளவங்களே எடுத்து வச்சிருந்தாங்கத்தா" என்று சாதாரணமாகச் சொன்னாய். நல்லதாகப் பார்த்து எடுத்தார்களா, பாராமல் எடுத்தார்களா? அடிப்பெட்டியில் கையை விட்டார்களா? எட்டில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ரொம்பச் சீக்கிரம் அறுந்ததா? அறுந்திருந்தால், அது சராசரியை என்ன செய்தது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த ஒன்று எப்படி அறுந்தது என்று பார். இன்னும் சாம்பிள் வேண்டும் என்று கேள், நீயே போய் எடு. நேரமில்லை என்பார்கள். லாரி காத்திருக்கிறது என்பார்கள். உன் மேலதிகாரி நல்ல மனிதராகவே இருக்கலாம், உன் மாமுவும் நல்ல மனிதர்தான். 'குறை இல்லை' என்று எழுதாதே. 'குறை இருக்கிறதா என்று இந்த எட்டை வைத்துச் சொல்ல முடியவில்லை' என்று எழுது. அதற்காக வேலை போனால் போகட்டும், வீட்டுக்கு வா. நான் எதுவும் கேட்கமாட்டேன்.

நேற்று, இத்தனை வருடத்துக்குப் பிறகு, பாண்டியம்மாவைப் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கூடலூரில் மூத்த மகள் வீட்டில் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. கிழித்த தாளைப் பற்றி, ஒருமுனை இருமுனை என்ற பேச்செல்லாம் இல்லாமல், நேராகச் சொன்னேன்: "மருந்து ஏறுதுன்னு அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சதும்மா. தெரிஞ்சும் மாத்தி எழுதுனேன்."

உள்ளே பேரப்பிள்ளைக்கு டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருந்தா அவுக டேங்க்கத் தூக்கியிருக்க மாட்டாகளா?"

"மாட்டாரும்மா. அன்னைக்கே நிறுத்தியிருப்பாங்க."

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "அன்னைக்குப் பந்தல்ல உங்க மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். இவரு பொய் சொல்றாருன்னு வீட்டுல போய் அவுககிட்டயும் சொன்னேன். படிச்சவுக எதுக்குடி பொய் சொல்லப்போறாகன்னு சொல்லிட்டு மறுநாளும் கெளம்பிப் போனாக."

எனக்கு மன்னித்துவிடு என்று கேட்க வாய் வரவில்லை. அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது, இதையெல்லாம் என் மகனுக்கு எழுதப்போகிறேன், அவனும் இதே வேலைதான் பார்க்கிறான் என்றேன். அப்போதுதான் அவள் நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தாள்.

"எழுதுங்க. ஆனா ஒம்பது பேரு, மேஸ்திரின்னு எழுதாதீக. பேரச் சொல்லி எழுதுங்க."

இவ்வளவு தூரம் எழுதியும் அந்தப் பெயரை எழுத என் கை வரவில்லை. இப்போது எழுதுகிறேன். அவர் பெயர் மாயாண்டி. சாகும்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. இரண்டு பெண் பிள்ளைகள்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்ய வேண்டாம். முதலில் கீழே இறங்கிப் போய், அந்தக் கேபிள்கள் இன்னும் உங்கள் குடோனில்தான் இருக்கின்றனவா, வண்டி ஏறிவிட்டனவா என்று பார்.

உன் அத்தா